மிஷினை முதலில் வாங்கிவிடாதீர்கள்

கேள்வி: பேரணாம்பட்டு பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எட்டு வருஷம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தேன். எங்கள் பழைய சூப்பர்வைசர், வீட்டில் மிஷின் போட்டால் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற ஜாப் ஒர்க் தருவதாகச் சொல்கிறார். சங்கிலியை அடகு வைத்து இரண்டு மிஷின் வாங்கிவிட்டு, அப்புறம் மானியத்துக்கு எழுதிப்போடலாம் என்றிருக்கிறேன். 35 சதவீத மானியம் வாங்கித்தர ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. பேங்க்கில் ஈடு கேட்பார்களா அக்கா?

பதில்: சங்கிலி இன்னும் கழுத்தில் இருக்கிறதா தங்கச்சி? இருந்தால் அங்கேயே இருக்கட்டும்.

அந்த ஆள் சொல்கிற 35 சதவீதம், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு உள்ளது. ஆனால் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான். மிஷின் வாங்கி ஓட்ட ஆரம்பித்துவிட்டுப் போனால், ஏற்கெனவே நடக்கும் தொழில் என்று தள்ளிவிடுவார்கள். மானியம் ரொக்கமாகக் கைக்கும் வராது. 4 லட்ச ரூபாய் திட்டம் என்றால் உங்கள் பங்கு 20,000, மீதி 3,80,000 பேங்க் கடன். மானியம் 1,40,000 ரூபாய் அந்த பேங்க்கிலேயே 3 வருஷம் டெபாசிட்டாகக் கிடக்கும். அந்தப் பணத்துக்கு வட்டி தரவும் மாட்டார்கள், அந்த அளவு கடனுக்கு உங்களிடம் வட்டி வாங்கவும் மாட்டார்கள். யூனிட் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள்.

15,000 கொடுக்கவே கொடுக்காதீர்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான், கட்டணம் கிடையாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பர்ஸும் பெல்ட்டும் தைக்கிற என் யூனிட்டுக்கு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு எடுக்க ஒருவரிடம் 2,500 ரூபாய் கொடுத்தேன். அது இலவசம் என்று அப்போது தெரியாது. பணம் போனதைவிடப் பெரிய கொடுமை, பதிவில் என் செல் நம்பருக்குப் பதில் தன் நம்பரைப் போட்டுவிட்டார். பேங்க் ஒரு திருத்தம் கேட்டபோது ஓடிபி அவர் போனுக்குப் போனது. அந்த ஆறு எண்ணுக்காக அவர் கடை வாசலில் இரண்டு நாள் நின்றேன்.

கடைசியில் காட்பாடி காந்தி நகரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனேன். நீங்களும் அங்கேதான் போக வேண்டும். குடியாத்தம் வந்து, கே.வி.குப்பம், லத்தேரி வழியாகக் காட்பாடி போகும் பஸ்ஸில் ஏறுங்கள். அங்கே என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒரு பெல்ட்டுக்கு உங்களுக்கு என்ன நிக்குது?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பையில் இருந்த மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் நூல், பக்கிள், பசை, கரண்ட் என்று எழுதிக் கூட்டினேன். தோல் தைக்கும்போது உடைகிற ஊசியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் கணக்கை நீங்கள் வீட்டிலேயே போட்டுக்கொண்டு போங்கள். ஒரு ஜோடிக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி, ஆர்டர் வராத மாதத்தில் தவணைக்கு என்ன வழி? கடைசிக் கேள்விதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஏனென்றால் சூப்பர்வைசர் வாயால் சொன்னது மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது. நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் நாளைக்கே அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால்? ஜோடி ரேட்டும், எத்தனை நாளில் பணம் என்பதும் கம்பெனி லெட்டர்பேடில் வரட்டும். அது கிடைக்காவிட்டால் கடனே வேண்டாம், கொஞ்ச நாள் பொறுங்கள். உத்யம் பதிவு உள்ள சிறு யூனிட்டுக்கு, எழுதி ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க 2006-ஆம் வருஷத்துச் சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் இடம் தரவில்லை. எழுத்தே இல்லையென்றால் 15 நாள்தான் கெடு.

ஈடு விஷயத்தில் பயப்பட வேண்டாம். சிறு தொழிலுக்கு இந்த அளவு கடன் வாங்கினால் ஈடு கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மேனேஜர் வீட்டுப் பத்திரம் கேட்டால், தொழில் மையத்தில் போய்ச் சொல்லுங்கள்.

ஆனால் மிஷின் போடப்போவது மாமியார் வீட்டில் அல்லவா? அந்த இடத்தைத் தொழிலுக்குத் தர அவருக்குச் சம்மதம் என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார், பான், பாஸ்புக், மிஷின் கடையின் கொட்டேஷன், உங்கள் ஊர் கிராமப்பகுதிதான் என்பதற்கான சான்று, எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக்கொள்ளுங்கள். செல் நம்பர் கேட்கிற இடத்தில் எல்லாம் உங்கள் நம்பரை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.