வெள்ளவத்தை ஸ்டேஷனில் அப்பா

அன்புள்ள அக்கா,

நான் வெள்ளவத்தையில் அம்மாவுடன் இருக்கிறேன். வேலை கோட்டையில். பின்னேர ரெயினில்தான் வீட்டுக்கு வருவது. அப்பா இருந்த காலத்தில் ஒவ்வொரு நாளும் ஸ்டேஷனுக்கு வந்து மேடையில் நிற்பார். மழை என்றால் இரண்டு குடையோடு.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது கனவில் வருகிறார். அதே மேடை, அதே மண்ணிறச் சேர்ட். நான் இறங்கி ஓடிப்போய்க் கூப்பிட்டால் கதைக்க மாட்டார். கடலைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களில் அவரிடம் ஒன்று கேட்க இருந்தேன், கேட்கவில்லை.

லூசிட் ட்ரீம் என்று ஒன்று இருப்பதாகவும், அதில் நாம் நினைத்தபடி கனவை நடத்தலாம் என்றும் வாசித்தேன். ஒரு மாதமாக ஒவ்வொரு இரவும் 3 மணிக்கு அலாம் வைத்து எழும்பிப் பார்க்கிறேன். அப்படி ஒன்றும் வரவில்லை. போன கிழமை கண் முழித்தபோது கை கால் அசைக்க முடியவில்லை. நெஞ்சில் யாரோ ஏறி இருப்பது போல இருந்தது. செத்தவரைக் கனவில் கூப்பிட்டால் இப்படித்தான் நடக்கும் என்று மாமி சொல்கிறா. இதற்குள் பல் விழுகிற கனவும் இரண்டு தடவை வந்துவிட்டது. அப்பா போவதற்கு முன்னும் அதே கனவு கண்டேன். அம்மாவை நினைத்துப் பயமாக இருக்கிறது. நான் செய்வது பிழையா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

முதலில் பல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயத்தோடு இன்னொரு இரவு நீங்கள் படுக்க வேண்டாம்.

பல் விழுந்தால் வீட்டில் ஒரு சாவு என்று என் அம்மம்மாவும் சொல்லுவா. ஆனால் 2018இல் இஸ்ரேலில் இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் கனவை மட்டும் எடுத்து, 210 பேரிடம் கேட்டு ஆராய்ந்தார்கள். மனக்கவலைக்கும் இந்தக் கனவுக்கும் அவர்களால் தொடர்பு காண முடியவில்லை. காலையில் எழும்பும்போது பல்லிலும் முரசிலும் இறுக்கமும் நோவும் இருப்பவர்களுக்குத்தான் இது கூடுதலாக வந்திருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நீங்கள் எப்படிப் படுத்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தாடையை இறுக்கி, பல்லை நெரித்துக்கொண்டு கிடந்திருப்பீர்கள். இப்போதும் ஒரு மாதமாக அரைகுறை நித்திரை. அந்தக் கனவு அம்மாவைப் பற்றியது இல்லை. ஒரு பல் டொக்டரிடம் காட்டுங்கள், அது போதும்.

எங்கள் வீட்டில் பஞ்சாங்கத்தோடு ஒரு கனவுப் பலன் புத்தகமும் இருந்தது. பாம்பு கண்டால் இது, யானை கண்டால் அது, கல்யாணம் கண்டால் சாவு என்று வரிசையாக இருக்கும். நானும் சின்ன வயதில் காலை எழும்பியதும் முதல் வேலையாக அதைத்தான் புரட்டுவேன். ஏறக்குறைய 1,800 வருடங்களுக்கு முன் கனவுப் பலன்களைத் திரட்டி ஐந்து பாகமாக எழுதிய கிரேக்கர் அர்ட்டெமிடோரஸ்கூட எல்லாருக்கும் ஒரே பலன் என்று சொல்லவில்லை. கண்டவர் யார், என்ன தொழில், கையில் காசு இருக்கிறதா, உடம்பு எப்படி, இவற்றைக் கேட்காமல் பலன் சொல்லக் கூடாது என்பது அவருடைய விதி. அந்த ஒரு விதியை நான் முழுதாக ஏற்கிறேன். ரெயில் மேடை என்றால் பயணம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு அந்த மேடை என்றால் அப்பா. வேறு அகராதி எதற்கு?

அடுத்தது, நெஞ்சில் ஏறி இருந்தது. பேய் அமுக்கியது என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். கனவு மும்முரமாக வரும் நித்திரையில் மூடிய இமைக்குள் கண் வேகமாக ஓடும். 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் இதைக் கண்டு எழுதினார்கள். ஆர்.ஈ.எம். நித்திரை என்று இப்போது எல்லாரும் சொல்வது அதுதான். அந்த நேரத்தில் மூளை கண்ணையும் மூச்சையும் விட்டுவிட்டு, உடம்பின் மற்றத் தசைகளை ஏறக்குறைய கட்டிப் போட்டுவிடும். அதனால்தான் கனவில் ஓடுகிறவர் கட்டிலை விட்டு எழும்பி ஓடுவதில்லை. சில வேளை முழிப்பு முந்திக்கொள்ளும், கட்டு அவிழப் பிந்திவிடும். சில விநாடி, கூடிப்போனால் ஒன்றிரண்டு நிமிடம். கனவின் மிச்சமும் கண்ணுக்குள் நிற்பதால் யாரோ இருப்பது போலத் தெரியும். நித்திரை குறைந்தவர்களுக்கும், நித்திரை குழம்பினவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது கூட வரும். நீங்களோ ஒரு மாதமாக மூன்று மணிக்கு அலாம் வைத்து எழும்பியிருக்கிறீர்கள். இனி வந்தால் திமிறாதீர்கள். ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள். மாமியிடம், அப்பாவின் மேல் பழி போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மகளின் நெஞ்சில் ஏறி இருக்கவா அந்த மனுசன் மழைக்குள் இரண்டு குடையோடு நின்றார்?

சரி, இனி நீங்கள் உண்மையில் கேட்க வந்த விசயம்.

பாம்பணையில் பெருமாள் கொள்ளும் தூக்கத்தை அறிதுயில் என்று தமிழில் சொல்கிறோம். அறிந்துகொண்டே துயில்வது. அந்தச் சொல்லை ஒட்டி நான் லூசிட் ட்ரீமை அறிகனவு என்று எழுதுகிறேன். கனவு ஓடிக்கொண்டிருக்கும், கண்டுகொண்டிருப்பவருக்கு இது கனவு என்று விளங்கிவிடும். முயற்சி எதுவும் இல்லாமலே பாதிக்கு மேற்பட்ட ஆட்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது நடக்கிறது. மருந்தும் தேவையில்லை, மந்திரமும் தேவையில்லை.

இது வெறும் கற்பனை என்றுதான் விஞ்ஞானிகள் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். உடம்பு கட்டுண்டு கிடந்தாலும் கண் கட்டுப்படாது என்று மேலே சொன்னேனே, அதை வைத்துத்தான் நிரூபித்தார்கள். 1975இல் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் என்பவர், அலன் வேர்ஸ்லி என்பவரைக் கருவிகளோடு படுக்க வைத்தார். கனவு என்று விளங்கியதும் கண்ணை இடமும் வலமுமாகத் திருப்ப வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்கள். வேர்ஸ்லி நல்ல நித்திரையில் இருந்தபடியே கண்ணைத் திருப்பினார், கருவி கோடு கீறியது. ஸ்டீவன் லபேர்ஜ் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் தனியாக இதையே செய்து 1981இல் வெளியிட்டார். 2021இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. நான்கு நாடுகளில் 36 பேர். நித்திரையில் இருப்பவரிடம் எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்று கேட்டார்கள், அவர் கண்ணை இரண்டு தடவை திருப்பிக் காட்டினார். வெளியே கேட்ட கேள்வி கனவுக்குள் போய், பதில் வெளியே வந்திருக்கிறது. வாசித்த அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் மொத்தம் கேட்ட தடவைகளில் சரியான பதில் வந்தது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. பழகினவர்களும் இருந்த ஆய்விலேயே இப்படி. நினைத்தபடி கனவை நடத்தலாம் என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். நாங்கள் இருந்த பழைய வீட்டை இடித்து அந்த இடத்தில் தொடர்மாடி கட்டிவிட்டார்கள். அம்மா போனது அதற்குப் பிறகு. அவ போய் ஒரு வருடத்தில் ஒரு கனவு. பழைய வீட்டுக் குசினி, சிவப்புச் சீமெந்துத் தரை, அம்மா திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவுகிறா. அந்தச் சர் சர் சத்தம் அப்படியே கேட்கிறது. தட்டில் விழுகிற பூவின் ஈரம்கூடத் தெரிகிறது. நான் நிலையில் சாய்ந்து நின்று, இந்த வீட்டைத்தான் இடித்துவிட்டார்களே என்று நினைத்தேன். அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. அம்மா! என்று கத்திக்கொண்டு ஓடினேன். இரண்டு அடி வைக்கவில்லை, முகட்டில் ஃபேன் சுற்றுவது தெரிந்தது. முழித்துவிட்டேன். அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

அந்தச் சந்தோசமும் பதற்றமும்தான் கனவைக் கலைக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்படி நேரும்போது கனவுக்குள்ளேயே இரண்டு கையையும் உரசிக்கொள்ளச் சொல்கிறார்கள். பத்து மாதம் கழித்து அதே குசினி மறுபடி வந்தது. ஓடவில்லை. கையை உரசிக்கொண்டு மெதுவாகப் போய்ப் பக்கத்தில் குந்தினேன். எனக்கும் கேட்க ஒரு கேள்வி இருந்தது, வாய் வரைக்கும் வந்தது. அம்மா நிமிராமலே, பால் பிழிய அந்தச் சட்டியை எடு பிள்ளை என்றா. எடுத்துக் கொடுத்தேன். கனவு அதோடு முடிந்தது. கேள்வியைப் பிறகு நான் கேட்க நினைக்கவில்லை.

இதை ஏன் விபரமாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் அப்பாவைக் கதைக்க வைக்க நினைக்கிறீர்கள். அறிகனவிலும் மற்றவர்கள் பெரும்பாலும் தங்கள் பாட்டில்தான் இருப்பார்கள். அவர் கதைத்தாலும், அந்தச் சொல் உங்கள் ஞாபகத்தில் இருக்கும் அப்பாவின் சொல். உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவர் சொல்லமாட்டார். ஆகவே நீங்கள் கேட்க இருந்தது ஒரு விபரம் என்றால், காணி, கடன், பழைய கதை, எதுவாக இருந்தாலும் அம்மாவிடம் கேளுங்கள். அவ இருக்கும்போதே கேளுங்கள். மன்னிப்பு என்றால், அவர் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பாராமல் நீங்கள் சொல்லிவிடலாம். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் காது கேட்கும்தானே. பக்கத்தில் போய் நின்று அவர் பார்க்கும் கடலை நீங்களும் பாருங்கள். அதுவே பெரிய விசயம் என்று நான் நம்புகிறேன்.

முழித்ததும் வலிக்கும், அதையும் மறைக்க மாட்டேன். வள்ளுவர் கனவைப் பற்றியே தனியாக ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். நனவு என்று ஒன்று இல்லாவிட்டால் கனவில் வந்தவர் பிரிந்தே போகமாட்டார் என்று அதில் ஒரு பெண் சொல்கிறாள். அந்த ஏக்கம் உங்களை நாள் முழுக்கப் படுக்கையிலேயே போட்டுவிடும் அளவுக்குப் போனால், அல்லது எது கனவு எது நனவு என்ற குழப்பம் பகலிலும் வந்தால், இந்த முயற்சியை விட்டுவிட்டு ஒரு டொக்டரோடு கதையுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. அலாமை இன்றைக்கே நிறுத்துங்கள். இரண்டு கிழமை முழுசாக நித்திரை கொள்ளுங்கள். ஆர்.ஈ.எம். நித்திரை ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வரும். முதல் தடவை சில நிமிடம்தான். விடிய விடிய நீண்டு, கடைசியில் வருவது அரை மணித்தியாலமும் போகலாம். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்களே, பலிப்பதை விடுங்கள், விடியற்காலையில் கனவு நிறைய வருவதும் அது ஞாபகத்தில் நிற்பதும் உண்மை. முழுசாக நித்திரை கொள்ளாதவர் அந்தக் கடைசிப் பங்கைத்தான் இழக்கிறார்.

தலைமாட்டில் ஒரு கொப்பியும் பேனையும் வையுங்கள். முழித்ததும் போனை எடுக்காமல், புரளாமல், அப்படியே கிடந்து கனவைப் பின்னாலிருந்து முன்னால் நினைத்துப் பாருங்கள். பிறகு எழுதுங்கள். ஒரு வரியானாலும் சரி. கொஞ்ச நாளில் உங்கள் கனவுகளில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். அலாம் வைக்கத்தான் வேண்டும் என்றால், அடுத்த நாள் போயா லீவாக இருக்கும் இரவில் மட்டும், ஐந்து மணித்தியால நித்திரைக்குப் பிறகு எழும்புங்கள். அரை மணித்தியாலம் கொப்பியை வாசித்துவிட்டுத் திரும்பப் படுங்கள். படுக்கும்போது, அடுத்த கனவில் இது கனவு என்று ஞாபகம் வரவேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு படுங்கள். லபேர்ஜ் சொல்லித்தந்த முறை இது.

உங்களுக்கென்று நான் யோசித்து வைத்தது ஒன்று இருக்கிறது. கனவில் எழுத்து நிலையாக நிற்காது. ஒரு தடவை வாசித்துவிட்டு, திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் மாறியிருக்கும். ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது, நடுவில் தமிழ். நாளைப் பின்னேரம் ரெயினால் இறங்கியதும், அவசரப்படாமல், அதை ஒரு தடவை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். கடல் பக்கம் திரும்புங்கள். பிறகு இன்னொரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, இது கனவா என்று உண்மையாகவே உங்களைக் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் செய்யுங்கள். பகலில் பழகினது கனவுக்குள்ளும் வரும். பலகை மாறியிருக்கும் நாளில் ஓட வேண்டாம், கையை உரசிக்கொண்டு நடந்து போங்கள்.

அன்புடன்,
அக்கா