கடைசி வரியில் இருக்கும் அம்மா

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். இங்குள்ள அமெச்சூர் நாடகக் குழு அடுத்த மாதம் ‘விசார்ட் ஆஃப் ஓஸ்’ இசை நாடகம் போடுகிறது. நன்றாகப் பாடும் என் 9 வயது மகளுக்குக் கதாநாயகி டோரதி வேஷம் தராமல், மன்ச்கின் என்கிற குள்ள மனிதர்கள் கூட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். டோரதி, கமிட்டிக்காரர் ஒருவரின் 19 வயது மகள். புதுக்கோட்டையிலிருந்து 6 மாத விசாவில் வந்திருக்கும் என் அம்மாதான் மகளின் உடையைத் தைத்தாள். அதைப் பார்த்துவிட்டு இன்னும் 6 பிள்ளைகளுக்குத் தைக்கச் சொன்னார்கள், தைத்தாள். இத்தனை செய்தும் இந்த மரியாதை! மகளை விலக்கிக்கொள்ளலாமா? எங்கள் இருவருக்கும், கணவரின் ஆபீஸ் நண்பர் தம்பதிக்குமாக 4 டிக்கெட் வேறு வாங்கிவிட்டோம். அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாது. சின்னவனையும் அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.
- பெயர் வேண்டாம், லெஸ்டர்

பதில்: டோரதி விஷயம் சின்னது, முதலில் முடித்துவிடுவோம். அந்த வேஷம் போடுகிறவர் நாடகம் முடியும்வரை கிட்டத்தட்ட மேடையைவிட்டு இறங்குவதே இல்லை. பாட்டு, வசனம், போதாததற்கு ஒரு நாய்க்குட்டி வேறு. இதே கதை 1939-ல் சினிமாவாக வந்தது, அதில் டோரதியாக நடித்தபோது ஜூடி கார்லண்டுக்கே 16 வயது. தவிர, இங்கிலாந்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேடையேற நேரக் கணக்கு, இடைவேளைக் கணக்கு, 12 பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் என்று சட்டமே இருக்கிறது. முழு நாடகத்தின் பாரத்தையும் 9 வயதுப் பிள்ளை தலையில் வைக்க எந்தக் குழுவும் யோசிக்கும். கமிட்டிக்காரர் மகள் என்பதால் கிடைத்ததா? இருக்கலாம், எந்தச் சங்கத்தில்தான் அது இல்லை? ஒரு மாதம் இருக்கும்போது நீங்கள் மகளை இழுத்துக்கொண்டு வந்தால், அவள் பக்கத்தில் நின்று ஆடப் பழகிய பிள்ளைகள்தான் திண்டாடும். விலக்காதீர்கள்.

சரி, இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். வெளிநாட்டுக் கடிதங்களில் இந்த அம்மாவை நான் அடிக்கடி பார்க்கிறேன். எப்போதும் கடைசி வரியில்தான் இருப்பார்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாது என்கிறீர்கள். அதே மூச்சில் சின்னவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள். எது காரணம், எது சாக்கு என்று உங்களுக்கே தெரியும். 7 உடை தைத்தபோது இங்கிலீஷ் தேவைப்படவில்லையா? அளவெடுக்கும்போது அந்தப் பிள்ளைகளை எந்த மொழியில் கையைத் தூக்கச் சொன்னார்? ‘இத்தனை செய்தும் இந்த மரியாதை’ என்று நாடகக் குழுவைத் திட்டுகிறீர்களே, அந்த வார்த்தையை உங்கள் அம்மா உங்களைப் பார்த்துச் சொல்லலாம். சொல்லமாட்டார். அந்தத் தைரியத்தில்தான் ஆபீஸ் நண்பரின் மனைவிக்குக்கூட டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள்.

புதுக்கோட்டைக்காரருக்கு நாடகம் புரியாதாம்! கோயில் திருவிழாவில் ராத்திரி ஆர்மோனியம் தொடங்கினால், பபூன் காமெடியிலிருந்து வள்ளி - நாரதர் தர்க்கம்வரை விடியவிடிய உட்கார்ந்து பார்த்துவிட்டு, காலையில் நாரதர் குரல் எடுபடவில்லை என்று விமர்சனமும் சொல்கிற சீமை அது. உங்கள் ‘விசார்ட் ஆஃப் ஓஸ்’ கதைதான் என்ன? புயலில் வீட்டோடு அடித்துப்போன பெண், சித்தியிடம் திரும்பிப் போகத் துடிக்கிறாள். நடுவில் ஒரு சூனியக்காரி தண்ணீர் பட்டு உருகிப்போகிறாள். இதைப் புரிந்துகொள்ள என்ன இங்கிலீஷ் வேண்டும்?

பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெற்றவர்கள் கடமை. பாட்டி பார்ப்பது அவராக மனமுவந்து செய்வது. 6 மாத விசாவில் வந்தவரைச் சம்பளமில்லாத ஆயாவாக்குவதை நான் பாசம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன், நீங்கள் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தாலும் சரி.

சனிக்கிழமை மதியக் காட்சி இருந்தால் அதற்கு இன்னும் 2 டிக்கெட் வாங்குங்கள், உங்களுக்கும் அம்மாவுக்கும். முன்வரிசையாகப் பாருங்கள், தான் வைத்த தையல் மேடை வெளிச்சத்தில் எப்படித் தெரிகிறது என்று அவர் பார்க்க வேண்டாமா? சின்னவனை அன்று உங்கள் கணவர் வைத்துக்கொள்ளட்டும். நண்பர்களோடு போகும் அன்றைக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அப்புறம் அம்மாவிடம் கேளுங்கள். கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். முடியாது என்றால் மூஞ்சியைத் தூக்கக் கூடாது.

இன்னொன்று. நாடகத்தன்று விற்கும் நிகழ்ச்சிப் புத்தகத்தில் உடை தைத்தவர்கள் பெயரையும் போடுவது வழக்கம். அது அச்சுக்குப் போவதற்குள் உடைப் பொறுப்பாளரைப் பிடித்து, அம்மாவின் பெயரை இனிஷியலோடு எழுதிக் கொடுங்கள்.