எம்.பி.ஏ.வுக்கு முன் இடமாற்றத்தை முடிவு செய்யுங்கள்

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வங்கிக் கிளையொன்றில் கடன் பிரிவில் எட்டு வருசமாக வேலை செய்கிறேன். வயது 33. வவுனியா வளாகத்தில் வியாபார முகாமைத்துவம் படித்தேன். கணவர் புதுக்குடியிருப்புப் பக்கம் ஆசிரியர், மகள் தரம் ஒன்று. எம்.பி.ஏ. இருந்தால்தான் மேலே போகலாம் என்று எங்கள் முகாமையாளர் சொல்கிறார். கொழும்பு நிறுவனம் ஒன்று ஒன்லைனில் ஒரே வருசத்தில் வெளிநாட்டுப் பட்டம் எடுக்கலாம் என்கிறது. நகையை அடகு வைத்து அதில் சேரலாமா, யாழ்ப்பாணத்துக்கு வார இறுதியில் போய்ப் படிப்பதா, இல்லை விட்டுவிடுவதா?"

நகையை அடகு வைக்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.பி.ஏ. (வியாபார நிர்வாக முதுமாணி) படிக்கலாமா என்பதற்குப் பதில், நீங்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடத் தயாரா என்பதில் இருக்கிறது.

வங்கியில் பதவி உயர்வு பெரும்பாலும் இடமாற்றத்தோடுதான் வரும். எம்.பி.ஏ.வுக்கு மதிப்புக் கொடுக்கும் கதிரைகள் பிராந்திய அலுவலகத்திலும் கொழும்புத் தலைமையகத்திலும்தான் அதிகம். வன்னிக்குள் அதைக் கேட்கிறவர்கள் சிலர்தான்: பெரிய தொண்டு நிறுவனங்களின் திட்ட முகாமையாளர் பதவிகள், ஆடைத் தொழிற்சாலை நிர்வாகம், இப்படி. அரிசி ஆலைக்காரரோ கூட்டுறவுச் சங்கமோ கணக்கை ஒழுங்காக வைத்து, கடனை நேரத்துக்கு அறவிடத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள். ஆகவே மகள் பெரிய வகுப்புக்குப் போகும்வரை கிளிநொச்சியிலேயே இருப்பது என்று நீங்களும் கணவரும் தீர்மானித்திருந்தால், இந்தப் பட்டத்துக்குப் போடும் காசு திரும்பி வர நெடுங்காலமாகும். யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ மாற்றம் வந்தால் சமாளிக்கலாம் என்றால் கதை வேறு. விண்ணப்பப் படிவத்துக்கு முன்னால் இதைப் பேசி முடியுங்கள்.

அடுத்தது, முகாமையாளரின் வாய்ச்சொல்லை நம்பி இருக்காமல் எழுத்தில் உள்ளதைப் பாருங்கள். உங்களுக்கு மேலுள்ள தரத்துக்குக் கடைசியாக வந்த பதவி உயர்வுச் சுற்றறிக்கையை மனிதவளப் பிரிவிடம் கேட்டு வாங்குங்கள். அதில் இலங்கை வங்கியாளர் நிறுவகத்தின் பரீட்சைகளுக்குப் புள்ளி இருந்து, நீங்கள் அவற்றை முடிக்காமல் இருந்தால், முதலில் அவற்றை முடியுங்கள். செலவு குறைவு, வீட்டிலிருந்தே படிக்கலாம், செய்கிற வேலைக்கும் நேரே உதவும். எம்.பி.ஏ.வுக்கும் புள்ளி உண்டு என்று எழுத்தில் இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். அரச உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: பதவி உயர்வு விதிகள் உள்ள உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பை எடுத்து வாசித்துவிட்டுப் படிப்பைத் தெரிவு செய்யுங்கள்.

இனி அந்த 'ஒரு வருசம்'. பட்டங்களின் மட்டத்தையும் அளவையும் வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை, வாசிப்பு, ஒப்படை எல்லாம் அதற்குள் அடங்கும். பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணிப் பட்டம் 9ஆம் மட்டம், குறைந்தது 30 கிரெடிட். அதாவது 1,500 மணித்தியாலம். ஒரு வருசத்தில் முடிப்பதென்றால் கிழமைக்குக் கிட்டத்தட்ட 29 மணித்தியாலம், இரண்டு வருசமென்றால் 14 அல்லது 15. காலை எட்டுக்கு வேலைக்குப் போய், பின்னேரம் பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும் சமையலையும் பார்க்கிற ஒருவருக்கு 29 மணித்தியாலம் எங்கிருந்து வரும்? 'வேலையோடு லேசாக முடிக்கலாம்' என்று யாராவது சொன்னால், எத்தனை கிரெடிட், எந்த மட்டம் என்று கேளுங்கள். நேரான பதில் கிடைக்காவிட்டால் அங்கே காசு கட்ட வேண்டாம்.

வெளிநாட்டுப் பட்டமானால், அதை வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று ஆணைக்குழுவிடமே கேட்டு உறுதி செய்யுங்கள். கொழும்பு நிறுவனத்தின் விளம்பரம் போதாது. உங்கள் வங்கி அந்தப் பட்டத்தை ஏற்குமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். கட்டணம் பவுண்ஸிலா ரூபாவிலா என்பதும் முக்கியம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனதை நாங்கள் எல்லோரும் கண்டோம். பாதிப் படிப்பில் அப்படி ஒன்று நடந்தால், மிச்சத் தவணையை உங்கள் சம்பளம் தாங்காது.

சுற்றறிக்கையும் வீட்டுப் பேச்சும் சாதகமாக இருந்தால், என் தெரிவு அரச பல்கலைக்கழகம்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவக் கற்கைகள், வணிக பீடத்தின் எம்.பி.ஏ. அறிவித்தலுக்குக் காத்திருங்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்தின் வியாபாரக் கற்கைகள் பீட அறிவித்தல்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். பஸ்ஸில் போய்வரலாம்தான், ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வகுப்பென்றால் சனி இரவு தங்க ஓர் உறவினர் வீடு வேண்டும். அந்த இரு நாளும் மகள் யாரோடு இருப்பாள் என்பதைச் சேர முன்னரே பேசி வையுங்கள். படிப்பைப் பாதியில் விடுகிற பெண்களை நிறுத்துவது பாடத்தின் கடினத்தைவிட இந்தச் சனிக்கிழமைகள்தான் என்பது என் அனுபவம்.

காலத்தையும் யோசியுங்கள். காலபோக அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் உங்களுக்குக் கடன் அறவீட்டு வேலை குவியும். பரீட்சை அதோடு மோதினால் இரண்டும் கெடும். பாட அட்டவணையை முன்கூட்டியே வாங்கி, விடுமுறையை அதற்கேற்ப ஒதுக்குங்கள்.

உங்களிடம் இருக்கிற பெரிய பலத்தை உங்கள் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவே இல்லை. எட்டு வருசமாக வன்னிக் கடன்களைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தபோது, அதற்குப் பின்னால் இருந்த குடும்பங்கள் உங்கள் பிரதேசத்தவர்கள். ஒரு போகம் தவறினால் தவணை எப்படி உடைகிறது, ஒருவர் ஏன் மூன்று இடத்தில் கடன் எடுக்கிறார் என்பதெல்லாம் கொழும்பு வகுப்பறையில் இருப்பவருக்குத் தெரியாது. ஆய்வுப் பகுதியோடு கூடிய முதுமாணி 10ஆம் மட்டம், 60 கிரெடிட், குறைந்தது இரண்டு வருசம். அதைத் தெரிவு செய்தால் இந்த அனுபவம் நல்லதொரு ஆய்வறிக்கையாகும். பிற்காலத்தில் விரிவுரையாளராகவோ கலாநிதிப் பட்டத்துக்கோ போக நினைத்தாலும் அந்த மட்டம்தான் உதவும்.

காசு: வங்கியில் கல்விக் கட்டணத்தை மீளளிக்கும் திட்டமோ சலுகை வட்டியில் ஊழியர் கடனோ இருக்கிறதா என்று கேளுங்கள். படித்து முடித்தபின் இத்தனை வருசம் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்பார்கள். உங்களுக்கு அது பாரமல்ல என்றே நினைக்கிறேன்.

வகுப்பும் ஒப்படையும் ஆங்கிலத்தில் இருக்கும். இப்போதிருந்தே கடன் மதிப்பீட்டு அறிக்கைகளை ஆங்கிலத்தில் நீங்களே எழுதிப் பழகுங்கள். விண்ணப்பத்தில் ஒரு விடயம்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி. நீங்கள் அதற்கு முன் பட்டம் பெற்றவர், ஆகவே பட்டம் வழங்கிய நிறுவனம் என்ற இடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்று எழுதுங்கள். பெறுபேற்று அட்டவணைக்கும் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.