விந்தணு ஓட்டம் குறைவு: ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எத்தனை மாதம்?

கேள்வி: வயது 33. திருமணமாகி 3 ஆண்டுகள் ஆகின்றன. விந்தணு எண்ணிக்கை சரியாக இருக்கிறது. முன்னோக்கி நீந்துபவை 20% மட்டுமே. 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று சொல்லி ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எழுதித் தந்தார்கள். எத்தனை மாதம் சாப்பிடுவது?

பதில்: ஆக்சிஜனின் வீரிய மூலக்கூறுகள் உடலின் தற்காப்பை மிஞ்சிப் பெருகுவதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்; அவற்றை அடக்குவது ஆன்டிஆக்ஸிடன்ட். அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மூலம் அப்படியே இருக்க, மாத்திரையை மட்டும் நீட்டிப்பதில் பயன் குறைவு.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி, முன்னோக்கி நீந்துபவை குறைந்தது 30% இருக்க வேண்டும். விந்தணுவின் மேலுறையில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம். அந்த வீரிய மூலக்கூறுகள் அதை எளிதில் சிதைத்துவிடும். உறை கெட்டால் வால் சரியாக அசையாது. உள்ளே சைட்டோபிளாசம் மிகக் குறைவு என்பதால் தற்காப்பு நொதிகளும் சொற்பமே. முதிர்ந்த விந்தணுவால் உடைந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்துகொள்ளவும் முடியாது.

இப்போது ரிப்போர்ட்டை எடுத்து 'பஸ் செல்' (Pus cells, அதாவது வெள்ளணுக்கள்) என்ற வரியைப் பாருங்கள். வெள்ளணுக்கள் ஒரு மில்லிக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் அதிகம். வீரிய மூலக்கூறுகளை ஏராளமாக உமிழ்பவை அவைதான். ஆனால் வட்டமாகத் தெரிவதெல்லாம் வெள்ளணு ஆகாது, முதிராத விந்துச் செல்களும் அப்படித்தான் தெரியும். பெராக்ஸிடேஸ் சாயம் ஏற்றினால்தான் பிரித்தறியலாம். அதைச் செய்யாமல், கிருமித்தொற்று என்று எண்ணி ஆன்டிபயாடிக் தொடங்குவது சரியல்ல.

அடுத்தது வேரிகோசீல், அதாவது விரைப்பையின் சிரைகள் புடைத்துச் சுருள்வது. நிற்கவைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். படுத்த நிலையில் தவறிப்போகும். கையில் தட்டுப்பட்டால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம்; ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறு புடைப்புக்கு அது பலன் தருவதில்லை.

புகை, மது, உடல் பருமன், விரைக்கு ஏறும் சூடு ஆகியவையும் காரணங்களே. ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அது விந்தணு உற்பத்தியையே முடக்கிவிடும்.

மாத்திரை விஷயத்தில் அதிக நம்பிக்கை வேண்டாம். 2020-இல் வெளியான இரு அமெரிக்க ஆய்வுகளில் ஒன்று 171 ஆண்களுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் கலவை கொடுத்துப் பார்த்தது, ஓட்டமும் டி.என்.ஏ. சிதைவும் மருந்தில்லாத ஒப்பீட்டு மாத்திரையைவிட (பிளசீபோ) மேம்படவில்லை. மற்றொன்றில் 2,370 தம்பதிகள். துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் குழந்தைப்பேற்றைக் கூட்டவில்லை. தன்னிச்சையாக இரண்டு மூன்று பிராண்டுகளைச் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். விந்தணு இயங்கவும் முட்டையைக் கருவுறச் செய்யவும் ஓரளவு ஆக்சிஜனேற்றம் தேவை.

ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய 3 மாதம் ஆகும். ஆகவே எந்த மாற்றத்தையும் 3 மாதம் கழித்தே அளக்க முடியும். இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் ரிப்போர்ட் தவறான படம் காட்டும். மறுபரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இடைவெளி விட்டு, மாதிரியை முடிந்தவரை லேபிலேயே கொடுங்கள். மனைவிக்கான பரிசோதனைகளை இந்த 3 மாதத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள். அவருக்கு 35 வயது தாண்டியிருந்தால் உடனே தொடங்குங்கள்.