போர்டும் பீப்பும்: வாசகர் கேள்வி - பதில்

பழைய கம்ப்யூட்டர் பாகங்களைச் சேர்த்து விளையாட்டு மெஷின் கட்டுவது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பிரிண்டர் கேள்வி அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம்.

பரணில் ஒரு பென்டியம் 3 கிடக்கிறது. 2001-ல் வாங்கியது. கடைசியாக எப்போது ஓடியது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. காயலான் கடையில் போடு என்கிறார் அப்பா. எனக்கோ அதில் மறுபடியும் ரோட் ராஷும் விர்ச்சுவா காப் 2-ம் விளையாட ஆசை. எங்கிருந்து தொடங்க?
- வாசகர், திண்டுக்கல்

அப்பாவிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள். நீங்களும் ஆசை தாங்காமல் பிளக்கைச் செருகி சுவிட்சைத் தட்டிவிடாதீர்கள். இவ்வளவு வருஷம் சும்மா கிடந்த மெஷினில் முதலில் நம்ப முடியாதது எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்குக் கரண்ட் தரும் டப்பா. அது தனியாகவும் போகாது, சில சமயம் மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகும்.

கேபினெட்டைத் திறந்து, மொட்டை மாடியில் வைத்து புளோயரால் தூசியை ஊதுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். காற்றில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெடும். அப்புறம் பிராசஸரைச் சுற்றிச் சிறு உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். 1999-லிருந்து ஏழெட்டு வருஷம் வந்த போர்டுகளில் இந்த வியாதி சகஜம். உள்ளே இருந்த எலக்ட்ரோலைட் திரவம் சரியில்லாத சரக்கு ஏகப்பட்ட கம்பெனிகளின் போர்டுகளில் ஏறிவிட்டது. மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு ஒரு படி மேல், அதே பருமன் பார்த்து வாங்குங்கள். 'லோ இஎஸ்ஆர்' (உள் மின்தடை குறைந்தது) என்று சொல்லிக் கேட்க வேண்டும். ரேடியோவுக்குப் போடும் சாதா கெபாசிட்டரைப் போட்டால் சூடாகி மறுபடி உப்பும்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் போர்டிலிருந்து கழற்றித் தனியாகச் சோதியுங்கள். எங்கள் கடையில் பழைய எஸ்எம்பிஎஸ் எதற்கும் முதல் கரண்ட் சீரீஸ் லேம்ப் வழியாகத்தான். 100 வாட் குண்டு பல்பு ஒன்று இடையில் தொடராக இருக்கும். பல்பு பளிச்சென்று மின்னி உடனே மங்கினால் பிழைத்தது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். தேறினால் பல்பை எடுத்துவிட்டு, சுமைக்கு ஒரு பழைய சிடி டிரைவை மாட்டுங்கள். பெரிய கனெக்டரில் உள்ள பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் கம்பித்துண்டால் இணைத்தால் ஃபேன் சுற்றும். மல்டிமீட்டரில் சிவப்பு ஒயர் 5 வோல்ட், மஞ்சள் 12, ஆரஞ்சு 3.3 காட்ட வேண்டும். 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். சிவப்பு 4.75-க்குக் கீழே இறங்கினால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை ஒதுக்கிவிடுங்கள். கரண்ட் வேலை பழக்கமில்லை என்றால் இந்தக் கட்டத்தைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். அந்த டப்பாவை மட்டும் நீங்கள் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட் தங்கியிருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் போர்டு. ராமின் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துகளைத் துடைத்துப் போடுங்கள். சிஆர்2032 பேட்டரி புதிது மாற்றுங்கள். முதல் தடவை போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ராம், தனியாக இருந்தால் டிஸ்பிளே கார்டு, மானிட்டர், இவ்வளவு போதும். ஒரு குட்டி பீப் வந்தால் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டலாம். அவார்டு கம்பெனி பயாஸில் (சுவிட்ச் போட்டதும் முதலில் ஓடும் நிரல்) ஒரு நீள பீப்பும் இரண்டு குட்டி பீப்பும் வந்தால் டிஸ்பிளே கார்டு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பீப்பே வரவில்லையா? கேபினெட் ஸ்பீக்கர் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள்.

கிடைத்ததிலேயே வேகமான பென்டியம் 4-ஐ வாங்கி, அதில் 1990 முதல் 2005 வரை வந்த எல்லா விளையாட்டையும் போடலாம் என்று திட்டம். சரிதானே?
- கல்லூரி மாணவர், ஈரோடு

சரியில்லை, தம்பி. முதலில் வருஷத்தைத் தேர்ந்தெடுங்கள், மெஷின் தானாக அமையும். அந்தக் காலத்தில் பலர் விளையாட்டை எழுதும்போது பிராசஸர் வேகத்தையே கடிகாரமாக வைத்துக்கொண்டார்கள். 1990-ல் வந்த விங் கமாண்டரைப் பென்டியத்தில் போட்டுப் பாருங்கள், எதிரி வருவதும் தெரியாது, நாம் சாவதும் தெரியாது.

சில விளையாட்டு திறக்கவே திறக்காது. 1994-ல் வந்த ஜாஸ் ஜாக்ராபிட் வேகமான மெஷினில் 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடும். அது டர்போ பாஸ்கலில் எழுதப்பட்டது. அந்த மொழியில் எழுதிய நிரல் தொடங்கும்போது, ஒரு வெற்றுச் சுழற்சி 55 மில்லி செகண்டில் எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து, மெஷினின் வேகத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். விடை 16 பிட்டுக்குள் அடங்கும் என்று நம்பி எழுதிவிட்டார்கள். சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும் விடை அந்த இடத்தில் கொள்ளவில்லை. பிராசஸர் அதை வகுத்தல் பிழை என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. இதற்குத் திருத்த நிரல்கள் உண்டு என்றாலும் ஒவ்வொரு விளையாட்டாகத் திருத்திக்கொண்டிருப்பது தலைவலி.

வேகம் கூடினால் லாபம் என்றும் இல்லை. 1993 டிசம்பரில் வந்த டூம் ஒரு செகண்டுக்கு 35 படத்துக்கு மேல் காட்டாது. எந்தப் பிராசஸரைப் போட்டாலும் 35தான்.

என் கணக்கு இது. 1990-ஐ ஒட்டி வந்தவற்றுக்கு 386 அல்லது 486 பிராசஸர். 1995 முதல் 2000 வரைக்கு 440பிஎக்ஸ் சிப்செட் (பாகங்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் சிப்) போர்டில் பென்டியம் 2 அல்லது 3, விண்டோஸ் 98 எஸ்இ, 256 எம்பி ராம். 2003-ல் வந்த வைஸ் சிட்டி, 2005-ல் வந்த மோஸ்ட் வாண்டட் எல்லாம் வேண்டுமென்றால் அப்போது உங்கள் பென்டியம் 4-ம் விண்டோஸ் எக்ஸ்பியும். ஒரே மெஷின்தான் கட்ட முடியும் என்றால் நடுவில் இருப்பதைக் கட்டுங்கள். ராமை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். விண்டோஸ் 98 512 எம்பிக்கு மேல் போனால் மெமரி போதவில்லை என்று அழும். சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் கேஷ் அளவைக் கட்டுப்படுத்தினால் சரியாகும், ஆனால் அந்தக் காலத்து விளையாட்டுக்கு அவ்வளவு ராம் எதற்கு?

வூடூ 2 கார்டு ஒன்று விலைக்கு வருகிறது. என் அரை மாதச் சம்பளம் கேட்கிறார்கள். வாங்கலாமா?
- வங்கி ஊழியர், கோவை

வேண்டாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்க ஆசை என்றால் அது வேறு விஷயம்.

வூடூ என்பது முப்பரிமாணப் படம் வரைவதற்கென்றே வந்த கார்டு. 3டிஎஃப்எக்ஸ் கம்பெனி 1996-ல் முதல் வூடூவையும் 1998-ல் வூடூ 2-வையும் கொண்டுவந்தது. விளையாட்டு அந்தக் கார்டோடு பேச அதற்கென்றே 'கிளைடு' என்று ஒரு நிரல் இடைமுகம். அதில் எழுதிய விளையாட்டுகள் அப்போது மற்ற கார்டுகளில் வராத அழகோடு ஓடின. வூடூ 2 தனியாக வேலை செய்யாது. சாதாரண டிஸ்பிளே கார்டு ஒன்று வேண்டும், அதிலிருந்து ஒரு ஒயர் வூடூவுக்குள் போய், வூடூவிலிருந்து மானிட்டருக்கு வரும். தனிக் கார்டில் 800க்கு 600 வரைதான், இரண்டைச் சேர்த்தால் 1024க்கு 768. 2000 டிசம்பரில் என்விடியா அதன் சொத்துகளை வாங்கியதோடு அந்தக் கதை முடிந்தது.

நம் ஊர்ப் பிரௌசிங் சென்டரில் விளையாடிய நம்மில் எத்தனை பேர் வூடூவைக் கண்ணால் பார்த்தோம்? பெரும்பாலும் போர்டிலேயே இருந்த டிஸ்பிளேதானே. என்விடியாவின் டிஎன்டி 2 அல்லது ஜிஃபோர்ஸ் 2 எம்எக்ஸ் கார்டு தேடுங்கள். அதைவிட எவ்வளவோ மலிவு. வாங்குமுன் உங்கள் போர்டைப் பாருங்கள். இன்டெல் 810 சிப்செட் என்றால் டிஸ்பிளே கார்டுக்கென்று இருக்கும் ஏஜிபி ஸ்லாட்டே இருக்காது, பொதுவான பிசிஐ ஸ்லாட்டில் செருகும் கார்டுதான் வாங்க வேண்டும்.

டாஸ் விளையாட்டு எல்லாம் ஊமையாக ஓடுகிறது. விண்டோஸில் சத்தம் நன்றாக வருகிறது.
- வாசகி, நாகர்கோவில்

டாஸ் என்பது விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம். அதன் விளையாட்டுக்கு டிரைவர் கிடையாது, அது நேராக சவுண்ட் கார்டோடு பேசும். சவுண்ட் பிளாஸ்டர் என்ற கார்டு இந்த முகவரியில்தான் இருக்கும் என்று நம்பி ஆளைத் தேடும். பிசிஐ கார்டும் போர்டோடு வரும் சவுண்டும் அங்கே இருப்பதில்லை. நீளமான கறுப்பு ஐஎஸ்ஏ ஸ்லாட் உங்கள் போர்டில் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. சவுண்ட் பிளாஸ்டர் 16 கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் யமஹா சிப் போட்ட ஐஎஸ்ஏ கார்டு. அதில் இசையை உருவாக்கும் அசல் ஓபிஎல் 3 இருக்கும், இசை அப்படியே வரும். விளையாட்டின் செட்டப்பில் போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள். ஐஆர்க்யூ 7 என்று கொடுத்திருந்தால் அது பிரிண்டர் போர்ட்டோடு மோதலாம்.

ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போடுகிறது. பழைய ஐடிஇ டிஸ்க் தேடவா?
- ஆசிரியர், தஞ்சை

தேடாதீர்கள், பட்டை ஒயரில் மாட்டும் அந்தப் பழைய வகை ஐடிஇ டிஸ்க்கும் கிழடுதான். காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும் சின்ன அடாப்டரும் வாங்குங்கள். அந்தக் கார்டு ஐடிஇ டிஸ்க் பேசும் அதே பேச்சைப் பேசும், அடாப்டர் வெறும் கனெக்டர் மாற்றுவதுதான். சத்தமும் இருக்காது, சூடும் இருக்காது. 8 ஜிபி தாராளம். பெரிதாகப் போட்டால் பழைய பயாஸ் மூச்சுவிடாமல் நின்றுவிடும். முதல் வேலையாக, பழைய டிஸ்க்கில் கல்யாணப் படம் எதுவும் இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வைத்துவிடுங்கள்.

மானிட்டர் கட்டாயம் டியூப் மானிட்டர்தான் வேண்டுமா?
- வாசகர், புதுச்சேரி

கிடைத்தால் விடாதீர்கள். டாஸ் விளையாட்டுகள் பலவும் 320க்கு 200 அளவில், செகண்டுக்கு 70 முறை புதுப்பிக்கும் திரைக்கு வரையப்பட்டவை. எல்சிடி அதை 60-க்கு மாற்றும்போது நகர்வில் ஒரு திக்கல் வரும். அகலத் திரையில் போட்டால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். டியூப் கிடைக்காவிட்டால் பழைய 15 அங்குல, 1024க்கு 768 எல்சிடி நல்ல சமாதானம். டியூப் மானிட்டர் கெட்டுப்போனால் பழைய டிவி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட், விளையாட்டு இல்லை.

டாஸ்பாக்ஸ் என்று ஒன்று இலவசமாக இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?
- மென்பொருள் பொறியாளர், சென்னை

விளையாடுவது மட்டும்தான் நோக்கம் என்றால் உங்கள் பக்கம்தான் நியாயம். புதுக் கம்ப்யூட்டருக்குள் பழைய டாஸ் மெஷின் மாதிரி நடிக்கும் மென்பொருள் டாஸ்பாக்ஸ். அதில் மெஷின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். கெபாசிட்டர் உப்பாது. ஆனால் திண்டுக்கல் வாசகருக்கு அந்த ஒரு பீப்தான் வேண்டும். அது அவர் பாடு.

காயலான் கடையில் போர்டுகள் கிலோ கணக்கில் கிடக்கின்றன. எதை எடுப்பது?
- எலெக்ட்ரீஷியன், சேலம்

486-ம் அதற்கு முந்தியதும் சீக்கிரம் காலியாகிவிடும். பீங்கான் பிராசஸரில் உள்ள தங்கத்துக்காக உடைத்துவிடுகிறார்கள். அப்படி ஒரு போர்டு முழுசாகக் கிடைத்தால், ஓரத்தில் நீல நிறப் பீப்பாய் மாதிரி 3.6 வோல்ட் பேட்டரி இருக்கிறதா பாருங்கள். அதிலிருந்து கசியும் காரம் செப்புத் தடத்தை அரித்துப் பச்சை பூத்திருக்கும். பேட்டரியை வெட்டி எடுத்து, அந்த இடத்தை எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து, தண்ணீரிலும் பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலும் கழுவிக் காயவிடுங்கள். பச்சை ரொம்ப தூரம் பரவியிருந்தால் அந்தப் போர்டை விட்டுவிடுங்கள். இந்தப் பழைய போர்டுகளுக்கான ஏடி வகை எஸ்எம்பிஎஸ் மாட்டும்போது இரண்டு கனெக்டரிலும் கறுப்பு ஒயர்கள் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு போச்சு.

நீங்கள் தேட வேண்டியது நடுச் சிப்பில் 82443பிஎக்ஸ் என்று எழுதியிருக்கும் போர்டு, அதாவது மேலே சொன்ன 440பிஎக்ஸ். ஐஎஸ்ஏ, பிசிஐ, ஏஜிபி மூன்றும் பெரும்பாலும் அதில் இருக்கும். பிராசஸர் கார்ட்ரிட்ஜாகச் செருகும் வகை என்றால், அதை நிறுத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி இரண்டு பக்கமும் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் எடை போடும்போது அதைக் கழற்றி வீசிவிடுவார், தனியாகத் தேடினால் கிடைக்காது.