பாதை மாறவில்லை, ஃபைல் மாறிவிட்டது

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரி லேபில் மாணவர்களின் ஹோம் டைரக்டரி எல்லாம் ஒரே என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் முறை) சர்வரில் இருக்கின்றன. போன வாரம் அதன் டிஸ்க்கை மாற்றினோம். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைப் போட்டு ஒரு ஃபைல்கூட விடாமல் புது டிஸ்க்குக்குக் கொண்டுவந்து, அதே பாதையில் எக்ஸ்போர்ட் செய்தோம். ஆனாலும் எல்லா மெஷினிலும் 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்று வருகிறது. எத்தனையோ முறை சர்வரை ரீபூட் செய்திருக்கிறோம், அப்போதெல்லாம் வராதது இப்போது ஏன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கிளையன்ட், அதாவது மாணவரின் மெஷின், ஒரு ஃபைலின் முழுப் பாதையை ஒருபோதும் சர்வரிடம் சொல்வதில்லை. மவுண்ட் ஆகும்போது, அதாவது சர்வரின் டைரக்டரியைத் தன்னோடு இணைக்கும்போது, மேல் டைரக்டரிக்கு ஒரு ஹேண்டில், அதைக் குறிக்கும் அடையாளச் சீட்டு, வாங்கிக்கொள்கிறது. அதைக் காட்டி அடுத்த பெயருக்கு ஒன்று, அதைக் காட்டி அதற்கடுத்ததற்கு ஒன்று என்று படிப்படியாக இறங்குகிறது. அதன்பின் படிப்பதும் எழுதுவதும் அந்த ஹேண்டிலை வைத்துத்தான். என்எஃப்எஸ்ஸின் இரண்டாம் பதிப்பில் அது 32 பைட், மூன்றில் அதிகபட்சம் 64, நான்கில் 128. உள்ளே இருப்பதைக் கிளையன்ட் பிரித்துப் பார்க்கக்கூடாது. சர்வர் பெரும்பாலும் அதில் எழுதிவைப்பது மூன்று விஷயம்: எந்த ஃபைல்சிஸ்டம், எந்த ஐநோடு (டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ள எண்ணிட்ட பதிவு), அந்த ஐநோடின் ஜெனரேஷன் எண் (அதே பதிவு வேறு ஃபைலுக்குப் போகும்போது மாறுவது).

மூன்றாவது எதற்கு என்று உங்கள் மெஷினிலேயே பார்க்கலாம். ஈஎக்ஸ்டி4 (லினக்ஸில் பரவலான ஃபைல்சிஸ்டம்) டிஸ்க்கில் ஒரு ஃபைலை உருவாக்கி 'எல்எஸ் -ஐ' போட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை அழித்துவிட்டு வேறு பெயரில் இன்னொன்றை உருவாக்குங்கள். பெரும்பாலும் அதே ஐநோடு எண்தான் திரும்ப வரும். 'எல்எஸ்ஆட்டர் -வி' போட்டால் ஜெனரேஷன் மட்டும் மாறியிருக்கும். அது இல்லையென்றால், பழைய ஹேண்டிலோடு வரும் ஒரு மாணவர் எழுதுவது இன்னொரு மாணவரின் ஃபைலுக்குள் போய் விழும். ஆகவே 'ஸ்டேல்', அதாவது இந்த ஹேண்டில் இனிச் செல்லாது, என்ற அந்த எரரைக் கோளாறு என்று நான் சொல்லமாட்டேன். சர்வர் சொல்லக்கூடிய நேர்மையான பதில் அது ஒன்றுதான்.

ரீபூட்டில் ஏன் வரவில்லை? சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் என்எஃப்எஸ்ஸை உருவாக்கியபோது, சர்வர் எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாதபடி அமைத்தார்கள். இந்த ஹேண்டில், இந்த இடத்திலிருந்து, இத்தனை பைட் என்று கோரிக்கையிலேயே எல்லாம் இருக்கும். சர்வர் செத்து எழுந்தாலும் கிளையன்ட் கேட்டதையே திரும்பக் கேட்டால் போதும், ஏனென்றால் ஹேண்டில் குறிக்கும் மூன்றும் டிஸ்க்கில் அப்படியே இருக்கின்றன. ஆர்சிங்க் பெயரையும் உள்ளடக்கத்தையும் உரிமைகளையும் கொண்டுவரும். ஐநோடையும் ஜெனரேஷனையும் கொண்டுவராது.

ஒருமுறை நான் வேலைபார்த்த இடத்தில் கூடுதலாக ஒரு டிஸ்க் மாட்டி சர்வரை ரீபூட் செய்தோம். டேட்டாவில் கைவைக்கவே இல்லை, ஆனாலும் அத்தனை கிளையன்ட்டிலும் இதே எரர். டிவைஸ் எண்கள் இடம் மாறியிருந்தன. அந்த எண்ணைத்தான் ஃபைல்சிஸ்டத்தின் அடையாளமாக ஹேண்டிலில் எழுதியிருந்தார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு மெஷினாக மவுண்ட் செய்தோம். அன்றிலிருந்து எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் 'எஃப்எஸ்ஐடி' எண்ணை, அதாவது ஃபைல்சிஸ்டத்துக்கு நாமே தரும் மாறாத அடையாளத்தை, நானே எழுதாமல் விடுவதில்லை.

லாக்கைத்தான், அதாவது ஒரே ஃபைலில் இருவர் ஒரே நேரத்தில் எழுதாதபடி போடும் பூட்டைத்தான், நினைவில்லாத சர்வரால் சமாளிக்க முடியவில்லை. அதற்கென்று தனி புரோட்டோகால் வைத்துப் பார்த்துவிட்டு, நான்காம் பதிப்பில் திறப்பதையும் லாக் போடுவதையும் சர்வரே நினைவில் வைக்கும்படி மாற்றினார்கள். லினக்ஸில் அதற்கான குத்தகைக் காலம் (கிளையன்ட் புதுப்பிக்காவிட்டால் லாக் எவ்வளவு நேரம் செல்லும் என்பது) வழக்கமாக 90 விநாடி. ரீபூட்டுக்குப் பின் ஃபைல் திறக்க ஒன்றரை நிமிடம் வரை இழுத்தால் பயப்படவேண்டாம். பழைய லாக் வைத்திருந்தவர்கள் வந்து மீட்டுக்கொள்ளச் சர்வர் காத்திருக்கிறது. ஹேண்டில் காலாவதியாகலாம், கிளையன்ட் பெயரை வைத்து மறுபடி தேடிக்கொள்ளலாம் என்றும் அந்தப் பதிப்பில் ஒரு வழி உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இடையில் யாராவது பெயரை மாற்றியிருந்தால் வேறு ஃபைல் கையில் கிடைக்கும்.

உங்களுக்கு இப்போது எஃப்எஸ்ஐடி உதவாது, ஐநோடுகளே மாறிவிட்டன. மாணவர்கள் போனபின் அந்த டைரக்டரியைப் பிடித்திருக்கும் பிராசஸ்களை நிறுத்தி, அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்யுங்கள். சர்வரில் எல்விஎம் (டிஸ்க்குகளுக்கு மேல் ஓர் அடுக்காக நின்று இடத்தை நிர்வகிப்பது) இருந்தால் அடுத்தமுறை ஆர்சிங்க் வேண்டாம், 'பிவிமூவ்' போடுங்கள். ஃபைல்சிஸ்டம் அப்படியே இடம்பெயரும், மாணவர்கள் வேலைசெய்துகொண்டிருக்கும்போதே.