ஏரியில் ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பெருகிவிட்டால் நாட்டு மீன்களை எப்படிக் காப்பாற்றுவது?

உங்கள் ஊர் ஏரியில் வலை போட்டால் ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியுமே வருகின்றன, விராலும் குரவையும் கண்ணில் படுவதில்லை, மருந்து போட்டு அழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடியாத்தம் பக்கத்தில் எங்கள் ஏரியும் இதே நிலையில்தான் இருந்தது. மருந்து வேண்டாம், கோடை வரை பொறுங்கள் என்பேன்.

வளர்ப்புக் குட்டைகளில் குஞ்சு விடுவதற்கு முன், ஒரு மீட்டர் ஆழ நீருக்கு ஹெக்டேருக்குச் சுமார் 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு போட்டு உள்ள மீனையெல்லாம் கொல்வது பழைய வழக்கம். அதிலுள்ள சப்போனின் என்னும் நச்சுப்பொருள் நாட்டு மீன், அயல் மீன் என்று பார்க்காது. மிஞ்சியிருக்கும் நாலு விராலும் அதில் போய்விடும்.

ஏரி வற்றி மதகுப் பள்ளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றபோது, நாங்கள் வலையை இழுத்து ஒவ்வொரு மீனாகக் கையால் பிரித்தோம். நான் தூக்கிய ஒரு ஜிலேபியின் வாயிலிருந்து அரிசி அளவுக் குஞ்சுகள் உள்ளங்கையில் கொட்டின. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன், முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பதாலும், சில மாதங்களிலேயே இனப்பெருக்கத்துக்கு வந்துவிடுவதாலும், கொஞ்சம் தப்பினாலே மறுபடி ஏரியை நிறைத்துவிடும். ஆகவே இதை ஒரே கோடையோடு விட்டுவிடக் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி காற்றையும் சுவாசித்துச் சேற்றுக்குள் உயிரோடு கிடக்கும் என்பதால், பள்ளம் காய்ந்த பிறகும் சேற்றைக் கிளறிப் பார்த்தோம். விராலும் அப்படிக் கிடக்கும் மீன்தான்; கிடைத்தவற்றைக் கிணற்றில் விட்டுவைத்து, ஏரிக்குத் தண்ணீர் வந்ததும் திரும்ப விட்டோம். ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்று குறைக்க அதைவிட நல்ல மீன் இல்லை.

வரும் வழியை அடைக்காவிட்டால் இவ்வளவும் வீண். மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால் (வழிந்தோடினால்) அதன் மீன் வாய்க்கால் வழியே நம் ஏரிக்கு வரும். ஆகவே மழைக்காலத்தில் வாய்க்கால் முகத்தில் நெருங்கிய கண்ணுள்ள வலையைக் கட்டி, சருகு அடைக்காமல் நாள்தோறும் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டதால், மீன் குத்தகை எடுப்பவரிடம் எந்தக் குஞ்சை விடுகிறார் என்று கேட்க ஊருக்கு முழு உரிமை உண்டு.

விரால் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக மேலே மிதக்கும்போது, தாயும் தந்தையும் அடியிலேயே காவல் நிற்கும். அந்த இடத்தில் தூண்டில் போடுவதை எங்கள் ஊரில் நிறுத்திவிட்டோம்; நீங்களும் நிறுத்தச் சொல்லுங்கள்.